குழி அரங்கும் வட்டக்களரியும்

திருகோணமலைத் துறைமுகத்துக்குத் தெற்கே, மூதூர்ப் பக்கமாக, மகாவலி கங்கை கொட்டியாரக் குடாவில் கலக்கிறது. 335 கிலோமீற்றர் ஓடிவரும் அந்த ஆற்றின் இரு கரையிலும், மலைநாட்டில், ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது. கலைப்பீடம் ஒரு கரை, பொறியியற்பீடம் மறு கரை. பேராதனை. அந்த வளாகத்தில், மரங்களுக்கு நடுவே தரை பள்ளமாகச் சரிந்த ஓரிடத்தில், கூரையில்லாத அரங்கொன்று உண்டு. சரச்சந்திர திறந்தவெளி அரங்கு என்பது பெயர்ப்பலகைப் பெயர். மாணவர் வாயில் அது வெறும் ‘வள’, சிங்களத்தில் குழி.

இலங்கையில் பல்கலைக்கழக வளாகம் ஒன்றுக்குள் இருக்கும் அரங்குகளில், நாட்டின் நாடக வரலாற்றையே மாற்றியது என்று சொல்லத்தக்கது இந்தக் குழிதான். ஆனால் திருகோணமலையிலிருந்து ஆற்றோடு எதிரேறிப் பார்க்கிற எனக்கு, அதைவிட அதே வளாகத்தில் 1960களில் கிழக்கிலங்கைக் கூத்துக்கு என்ன நேர்ந்தது என்பதே முக்கியமாகப் படுகிறது. பல்கலைக்கழகம் கூத்துக்கு மதிப்புத் தேடிக் கொடுத்தது. படித்தவர்கள் முகஞ்சுளித்த ஒன்றை அவர்கள் முன்னாலேயே நிறுத்திக் கைதட்ட வைத்தது. அதற்கு விலையாக, சனம் சுற்றி அமரும் அதன் வட்டத்தை எடுத்துக்கொண்டது. அந்த விலை கொடுத்தே ஆகவேண்டியிருந்ததா? இப்போது கிழக்கிலும் பல்கலைக்கழகம் இருக்கிறது, திருகோணமலையிலும் அதற்கொரு வளாகம் இருக்கிறது என்பதால், அறுபது வருடப் பழைய இந்தக் கேள்வி நம் வாசலுக்கு வந்து நிற்கிறது.

இலங்கைப் பல்கலைக்கழகம் 1942இல் கொழும்பில் தொடங்கியது. அதைத் தலைநகர் இரைச்சலிலிருந்து விலக்கி, மாணவர் தங்கிப் படிக்கும் இடமாகப் பேராதனையில் அமைக்க வேண்டும் என்பது முதல் துணைவேந்தர் ஐவர் ஜெனிங்ஸின் பிடிவாதம். பற்றிக் அபர்குரொம்பியும் கிளிபோர்ட் ஹொலிடேயும் திட்டம் வகுத்தார்கள்; கட்டடக் கலைஞர் ஷேர்லி டி அல்விஸ். 1952இல் குடிபெயர்வு, 1954 ஏப்ரலில் இரண்டாம் எலிசபெத் அரசி முன்னிலையில் முறைப்படியான திறப்பு. இரண்டு வருடமாக நடந்துகொண்டிருக்கும் ஒன்றை எப்படித் திறப்பது என்று யோசித்த எடின்பரோ கோமகன், வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் திறந்திருப்பதாக அறிவித்தாராம். பேராதனைக்காரர் இந்தக் கதையை இன்னும் விடவில்லை. ஹந்தானை மலையடிவாரச் சரிவில் தரையை வெட்டிச் சமப்படுத்தாமல், சரிவுக்கு இசைந்து கட்டடங்களை நிறுத்தியது அந்தத் திட்டத்தின் சிறப்பு. பள்ளத்தைப் பள்ளமாகவே விட்டு அரங்காக்கியதும் அந்த மனப்போக்குக்குப் பொருத்தமானதே.

சுவரில்லாத இடத்தில் ஒலி எப்படி நடந்துகொள்ளும் என்பதைக் கவனிக்காமல் இந்தக் குழியின் வெற்றியை விளங்கிக்கொள்ள முடியாது. திறந்த வெளியில் தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் ஒலி ஏறக்குறைய 6 டெசிபல் தேயும். மண்டபமானால் சுவரும் கூரையும் திருப்பி அனுப்பும் ஒலி அந்த இழப்பைப் பகுதியளவில் ஈடுசெய்யும். மேற்கத்தியப் பெரிய வாத்தியக் குழு வாசிக்கும் மண்டபங்களில் ஒலி அடங்க ஏறக்குறைய 2 செக்கன் எடுத்தால்தான் நல்ல மண்டபம் என்பார்கள். குழியில் அப்படி ஒன்றும் கிடையாது. அடித்த அடி அங்கேயே முடிந்துவிடும். வயலின் கூட்டத்துக்கு இது வறட்சி. மத்தளத்துக்கு இது வரம். வேகமான சொற்கட்டில் ஓர் அடி மற்றதன் மேல் ஏறி மங்காது. சரிவும் கைகொடுக்கிறது: முன்னால் இருப்பவரின் தலையை உரசாமல் ஒலி பின்வரிசைக்கு ஏறுகிறது. இரவு வந்து நிலம் குளிர, நிலத்தை ஒட்டிய காற்று மேலே உள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடும். அப்போது ஒலி வானத்துக்குச் சிதறாமல் கீழ்நோக்கி வளைந்து வரும். மலைப் பள்ளங்களில் இந்த நிலை அடிக்கடி வாய்க்கும். கிரேக்கத்தின் எபிடோரஸ் அரங்கில், 2300 வருடங்களுக்கு முன், பல்லாயிரம் பேர் ஒலிபெருக்கி இல்லாமல் நாடகம் கேட்டதற்கும் சரிவும் திறந்த வெளியும் அடிப்படை.

பாளியும் மெய்யியலும் அறிந்த பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திர இங்கே 1961 ஆகஸ்ட் 31ஆம் திகதி ‘சிங்கபாகு’வை மேடையேற்றினார். அதற்கு ஐந்து வருடம் முன், 1956 நவம்பர் 3ஆம் திகதி, கொழும்பு லயனல் வென்ட் அரங்கில் அவருடைய ‘மனமே’ வந்திருந்தது. காட்சித்திரையும் மேசை நாற்காலியும் இல்லாமல், பாட்டாலும் தாளத்தாலும் அசைவாலும் மட்டுமே கதை சொன்ன நாடகம். நடித்தவர்கள் மாணவர்கள். ஜப்பானில் நோ, கபுக்கி நாடகங்களைப் பார்த்துவிட்டு வந்திருந்த சரச்சந்திரவுக்கு, வீட்டுக்குள்ளேயே அத்தகைய ஒரு மரபு கிடக்கிறது என்பது தெளிவாகியிருந்தது. அந்த மரபு நாடகம. 19ஆம் நூற்றாண்டில் மேற்குக் கரையோரம் செழித்தது. சிங்களத்தில் அதன் முதல்வராகப் பிலிப்பு சிஞ்ஞோவைச் சொல்வார்கள். அது தமிழ்க் கூத்திலிருந்து வந்தது என்பதைச் சரச்சந்திர ஒருபோதும் மறைத்ததில்லை. மத்தளம் அதே மத்தளம். மெட்டுக்களில் தமிழ் நெடி. ஏட்டைக் கையில் வைத்துக்கொண்டு பாத்திரங்களை அறிமுகம் செய்யும் ‘பொத்தே குரு’ நம் கட்டியகாரனுக்கும், கூத்தைப் பழக்கி நடத்தும் அண்ணாவியாருக்கும் நடுவில் நிற்கிற ஒருவர். பலபிட்டியைச் சேர்ந்த சார்ள்ஸ் சில்வா குணசிங்க குருன்னான்சே என்ற மூத்த நாடகமக் கலைஞரிடம் மெட்டுக்களைக் கற்றுக்கொண்டே ‘மனமே’ உருவானது. பல இரவுகள் நீண்ட ஆட்டம் இரண்டு மணி நேரத்துக்குள் அடங்கியது.

‘மனமே’ வந்த வருடம் எது என்பதையும் மறக்கக்கூடாது. அந்த ஆண்டு ஜூனில்தான் தனிச் சிங்களச் சட்டம் நிறைவேறியது. சிங்களத் தேசிய நாடகம் என்று கொண்டாடப்பட்ட ஒன்றின் எலும்புக்கூடு தமிழ்க் கூத்தினுடையது என்பதில் உள்ள முரணை, அன்று கொண்டாடியவர்களில் எத்தனை பேர் நினைத்துப் பார்த்திருப்பார்களோ.

குழியின் பார்வையாளரைப் பற்றி ஒரு வார்த்தை. அவர்கள் பிடிக்காததைப் பொறுத்துக்கொள்ள மாட்டார்கள். நடிகர் தடுமாறினால் ஹூ அடிப்பார்கள். அங்கே ஆடித் தப்பினால் எங்கும் தப்பலாம் என்பது சிங்கள நாடகக்காரரின் நம்பிக்கை. கோயில் வீதியில் கூத்துப் பார்க்கும் நம் கிழவர்களும் இதே சாதிதான். அடி பிசகினால் அங்கேயே சொல்லிவிடுவார்கள். இந்த உரிமையை இருட்டாக்கப்பட்ட மண்டபம் பார்வையாளரிடமிருந்து பறித்துவிடுகிறது.

இனித் தமிழ்ப் பக்கம். இங்கே கதை திருகோணமலையைத் தொட்டுத்தான் போகவேண்டும். காரைதீவில் 1892இல் பிறந்த மயில்வாகனனார், 1924இல் துறவு பூண்டு சுவாமி விபுலாநந்தரானார். இராமகிருஷ்ண மிஷன் பாடசாலைகளைப் பொறுப்பேற்ற அவர், 1920களின் பிற்பகுதியில் திருகோணமலை இந்துக் கல்லூரியை வளர்த்தெடுத்தார். அந்தக் காலத்தவைதான் அவருடைய நாடகச் சிந்தனைகளும். 1926இல் மதுரைத் தமிழ்ச் சங்கம் வெளியிட்ட ‘மதங்கசூளாமணி’, ஷேக்ஸ்பியரின் பன்னிரண்டு நாடகங்களையும் தசரூபகம் முதலான வடமொழி நாடக இலக்கணத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் நூல். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர், 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர். 1947இல், இறப்பதற்குச் சில கிழமைகளுக்கு முன், ‘யாழ்நூல்’ அரங்கேறியது. அதற்கு அவர் அடிக்கல்லாக எடுத்துக்கொண்டது சிலப்பதிகார அரங்கேற்று காதை.

அந்தக் காதையிலேயே தமிழில் நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய அரங்க அளவும் இருக்கிறது. 24 பெருவிரல் கொண்டது ஒரு கோல். 8 கோல் நீளம், 7 கோல் அகலம், 1 கோல் உயரம். மேடைக்கும் மேல்விட்டத்துக்கும் இடையே 4 கோல். ஒரு பெருவிரலை ஓர் அங்குலம் என்று வைத்தால் 16 அடிக்கு 14 அடி. தூண்களின் நிழல் ஆடுமிடத்தில் விழாதபடி விளக்கு வைக்க வேண்டும் என்ற நுணுக்கமும் உண்டு. மூவகைத் திரைகளும் உண்டு. தனியொருத்தி ஆடுவதற்கு, அரசன் முன்னிலையில், ஒரு பக்கமிருந்து பார்க்க அமைந்த மேடை இது. இதில் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து வடமோடிக் கூத்து ஆட முடியாது. ஏட்டிலே இலக்கணம் உள்ள தமிழ் அரங்கு ஒருமுகமானது. வயல்வெளிக் கிராமங்களில் உயிரோடு இருந்த தமிழ் அரங்கு வட்டமானது. படித்தவர்கள் முதலாவதைத் தேடிப் போனார்கள். மட்டக்களப்பு மண்ணிலிருந்தே வந்த விபுலாநந்தருக்கும் நாடகம் என்றதும் முதலில் எடுத்துப் பேசத் தோன்றியவை ஷேக்ஸ்பியரும் தசரூபகமும்தான். காலம் அப்படி. குறை சொல்வதற்கில்லை.

விபுலாநந்தருக்குப் பின் பல்கலைக்கழகத் தமிழ்த்துறையை ஏற்ற பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை, யாழ்ப்பாணப் பேச்சுத் தமிழில் நாடகங்கள் எழுதித் தமிழ்ச் சங்க மாணவர்களை நடிக்க வைத்தார். ‘நானாடகம்’, ‘இருநாடகம்’, 1956இல் ‘சங்கிலி’. உரையாடல் நாடகங்கள்; படச்சட்ட மேடைக்கென்றே பிறந்தவை. அவற்றை மேடையில் இயக்கிக் கைப்பழகியவர் சு. வித்தியானந்தன்.

1924இல் பிறந்து, இலண்டனில் பத்துப்பாட்டை ஆராய்ந்து கலாநிதியாகித் திரும்பிய வித்தியானந்தன், 1950களின் பிற்பகுதியில் இலங்கைக் கலைக்கழகத்தின் தமிழ் நாடகக் குழுவுக்குத் தலைவரானார். சரச்சந்திர செய்ததைப் பக்கத்திலிருந்து பார்த்தவர். அவர்கள் நம்மிடமிருந்து எடுத்ததை வைத்து இவ்வளவு செய்யும்போது நாம் கையைக் கட்டிக்கொண்டு இருக்கிறோமே என்ற உறுத்தல் அவரை மட்டக்களப்புக்கும் மன்னாருக்கும் அனுப்பியது. அண்ணாவியார்களைத் தேடிப் போனார். ஏடுகளில் கிடந்த கூத்துகள் அச்சேறின: 1962இல் ‘அலங்காரரூபன் நாடகம்’, 1966இல் ‘மூவிராசாக்கள் நாடகம்’. வளாகத்துக்குள்ளே, வந்தாறுமூலை செல்லையா அண்ணாவியாரை வரவழைத்து மாணவருக்கு ஆட்டம் பழக்கினார். 1962இல் ‘கர்ணன் போர்’, 1963இல் ‘நொண்டி நாடகம்’, பிறகு ‘இராவணேசன்’, பத்தாண்டின் இறுதியில் ‘வாலிவதை’. இராவணேசன் பழைய ஏடு அன்று. அமிர்தகழியிலிருந்து வந்த மாணவர் சி. மௌனகுரு புதிதாக எழுதியது. இராவணனாக ஆடியவரும் அவரே.

அந்த ஆட்டத்தின் பிறப்பிடம் எப்படி இருந்தது? களரி என்பது மண்ணை உயர்த்திப் போட்ட ஒரு வட்டத் திடல். சுற்றிவரக் கம்பம் நட்டு, மேலே வெள்ளை கட்டி, விளக்கு வைப்பார்கள். நான்கு புறமும் சனம் பாயோடு வந்து உட்காரும். நடுவில் அண்ணாவியார், மத்தளம், சல்லரி, பிற்பாட்டுக்காரர். அவர்களைச் சுற்றிக் கூத்தர் ஆடுவார்கள். வீசாணம், எட்டு, நாலடி, பொடியடி என்று ஆட்ட வகை ஒவ்வொன்றும் அந்த வட்டத்துக்குள்ளே கோடு போட்டுத்தான் அர்த்தமாகும். வரவு ஆடிக்கொண்டு வரும் அரசன் களரியை முழுதும் சுற்றி வருவது சனத்துக்கு மரியாதை. எந்தப் பக்கமும் முதுகு பார்த்துக்கொண்டு இருந்துவிடக் கூடாது. அதற்கு முன்னாலே மாதக் கணக்கில் நடந்த வேலை இருக்கிறது: சட்டம் கொடுத்தல், சதங்கை அணிதல், அடுக்குப் பார்த்தல், கடைசியில் அரங்கேற்றம். அரங்கேற்றிய பிறகு வீடு வீடாகப் போய் ஆடுவதும் உண்டு. ஊரில் யார் எந்த வேடம் கட்டுவது என்பதில் சாதியும் சொத்தும் உறவும் பேசும். அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். விடியவிடிய ஆட்டம்.

இது பேராதனைக்கு வந்தபோது, இரவு முழுதும் ஓடியது ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்துக்குச் சுருங்கியது. சுருக்கம் எனக்குப் பெரிய இழப்பாகப் படவில்லை. பகலில் விரிவுரை கேட்டவர்கள் விடியும்வரை இருக்க மாட்டார்கள். உண்மையான மாற்றம் மேடையின் முகத்தில் நடந்தது. பார்ப்பவர் ஒரு பக்கத்தில் மட்டும் இருந்தால் மத்தளக்காரர் நடுவில் நிற்க முடியாது, ஆடுகிறவரை மறைப்பார். ஆகவே அண்ணாவியாரும் பாடகரும் ஓரத்துக்குப் போனார்கள். நடு வெறுமையானது. வட்டம் போட்டு ஆடியவர்கள் வரிசையாகவும் பிறை வடிவாகவும் பார்வையாளர் பக்கம் திரும்பினார்கள். ஆட்டத்தை உள்ளிருந்து நடத்தியவர், பக்கத்தில் உட்கார்ந்து துணை செய்பவரானார்.

பிற்பாட்டின் கதி இன்னும் கவனிக்கத்தக்கது. களரியில் கூத்தன் ஓரடி பாடுவான். நடுவில் நிற்பவர்கள் அதைத் திருப்பிப் பாடுவார்கள். மேடையில் இதைக் கேட்கும் நகரத்து இரசிகருக்கு இது வீண் இழுவை. வட்டத்தில் வைத்துப் பார்த்தால் அதற்கொரு தொழில் இருப்பது தெரியும். பாடுபவன் எந்தப் பக்கம் திரும்பி நின்றாலும் மறுபக்கத்துச் சனத்துக்கு அவன் முதுகுதான் பாடுகிறது. மனிதக் குரலில் சொல்லைத் தெளிவாக்கும் உயர் அதிர்வெண்கள் முன்பக்கமாகவே போகும், பின்னால் மங்கும். மையத்தில் நாலு பேர் நாலு பக்கம் பார்த்து அதே அடியைத் திருப்பிப் பாடினால் விடுபட்ட சொல் எல்லாருக்கும் போய்ச் சேர்ந்துவிடும். பிற்பாட்டை அழகியலாகவும் சடங்காகவும் விளக்கியவர்கள் உண்டு. எனக்கு அது முதலில் ஒலிபெருக்கியாகத் தெரிகிறது. அரங்கின் வடிவத்தை மாற்றினால் பாட்டின் அமைப்பும் ஏன் மாற்றப்பட வேண்டியிருந்தது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம்.

இங்கே ஒரு கேள்வி எழும். அதே வளாகத்தில் அதே மரபின் கிளையான நாடகம குழிக்குள் இறங்கியபோது ஏன் அவ்வளவு சேதப்படவில்லை? குழி திறந்தவெளி, அதனால்தான் என்பது முதலில் தோன்றும் விடை. அது போதாது. குழியும் ஒருமுக அரங்குதான். வானம் தெரிகிறது என்பதால் பார்வை நாலு பக்கமும் ஆகிவிடாது. நாடகம ஆடப்பட்ட ‘கரலிய’ முன்பே அரைவட்டம். பின்னால் திரை தொங்கும். சனம் மூன்று பக்கம். அதாவது நாடகம தன் வட்டத்தில் பாதியைக் கரையோரக் கிராமங்களிலேயே விட்டுவிட்டுத்தான் பேராதனைக்கு வந்தது. மட்டக்களப்புக் கூத்து முழு வட்டத்தோடு வந்தது. இழக்க அதனிடம் கூடுதலாக இருந்தது. கூரை இருக்கிறதா இல்லையா என்று விவாதிப்பதைவிட, சனம் எத்தனை பக்கம் என்று கேட்பது பயனுள்ளது.

வித்தியானந்தன் இதை அறியாமல் செய்தவர் அல்லர். அவருக்கு முன்னால் இருந்த அவசரம் வேறு. கூத்து நாட்டுப்புறத்தான் ஆட்டம், குடிகாரர் ஆட்டம் என்று ஒதுக்கப்பட்ட காலம் அது. பல்கலைக்கழக மாணவன் காலில் சதங்கை கட்டி, அரசாங்க உயர் அதிகாரிகள் பார்த்திருக்க, நகரத்து மேடையில் ஆடினான் என்பது மட்டக்களப்பில் ஓர் அண்ணாவியாரின் முதுகை நிமிர வைத்த செய்தி. மௌனகுரு என்ற ஆய்வாளரே அதிலிருந்துதான் கிடைத்தார். மட்டக்களப்பு மரபுவழி நாடகங்கள் பற்றிய அவருடைய கலாநிதிப்பட்ட ஆய்வு இல்லாமல் நான் இந்தக் கட்டுரையில் களரியைப் பற்றிச் சொன்னதில் பாதியைச் சொல்லியிருக்க முடியாது. விலை அதிகம் என்று இன்று சொல்பவர்கள், அந்த விலையைக் கொடுத்து வாங்கியதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

பிறகு காலம் எல்லாரையும் இடம் மாற்றியது. 1974இல் யாழ்ப்பாண வளாகம் தொடங்க, கைலாசபதி, பின்னர் வித்தியானந்தன், சிவத்தம்பி என்று பேராசிரியர் பலரும் வடக்கே போனார்கள். 1983 மே மாதம் பேராதனையில் தமிழ் மாணவர் தாக்கப்பட்டார்கள். ஜூலையில் தமிழருக்கு எதிராக நாட்டில் நடந்த வன்முறை எல்லாருக்கும் தெரியும். குழியில் சிங்கள நாடகம் தொடர்ந்தது. வித்தியானந்தனின் கூத்து முயற்சிக்குப் பேராதனையில் மறுபருவம் வாய்க்கவில்லை.

கிழக்கில் 1981இல் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி வந்தாறுமூலை மத்திய கல்லூரி இருந்த இடத்தில் ஆரம்பித்து, 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகமானது. செல்லையா அண்ணாவியாரின் ஊருக்கே பல்கலைக்கழகம் வந்து சேர்ந்தது. கல்லடியில் 1982இல் தொடங்கிய சுவாமி விபுலாநந்தர் இசை நடனக் கல்லூரியும் பின்னர் அதனோடு இணைந்து அழகியற் கற்கைகள் நிறுவகமாயிற்று. மௌனகுரு பேராசிரியராக அங்கு வந்து, இராவணேசனைப் புதிய தலைமுறை மாணவரோடு மீண்டும் மீண்டும் மேடையேற்றினார். ஒவ்வொரு முறையும் அது மெருகேறியது. ஒவ்வொரு முறையும் மேடைக்குரியதாகவே இருந்தது.

எதிர்க்குரல் அதே பல்கலைக்கழகத்திலிருந்து எழுந்தது. சி. ஜெயசங்கர் 2000களின் தொடக்கத்தில் சீலாமுனைக் கிராமத்தில் ‘கூத்து மீளுருவாக்கம்’ என்ற முயற்சியைத் தொடங்கினார். கூத்தைக் களரியிலிருந்து மண்டபத்துக்குக் கொண்டுபோய்ச் செம்மைப்படுத்துவது அதன் சொந்தக்காரரிடமிருந்து அதைப் பிரிப்பதாகும் என்பது அவர் வாதம். மாற்றம் வேண்டும், அதை ஊரவரே, தம் களரியில், சட்டம் கொடுப்பதிலிருந்து அரங்கேற்றம் வரை பேசிப் பேசிச் செய்ய வேண்டும். சாதியும் பெண் பாத்திரங்களின் நிலையும் கதையில் உள்ள அநீதியும் அந்தப் பேச்சுக்குள் வரவேண்டும். இரு தரப்புக்கும் இடையில் நடந்த எழுத்துப் போரில் சூடு இருந்தது, சில வேளை அளவுக்கு மீறியும் இருந்தது. எனக்கு ஜெயசங்கரின் பக்கம் கனமாகத் தெரிகிறது, ஒரு திருத்தத்தோடு. ஊரா வளாகமா என்று பிரித்துக்கொண்டதில், வளாகத்துக்குள்ளேயே ஒரு வட்டக்களரியைக் கட்டலாம் என்ற எளிய வழி இருவர் பேச்சிலும் உரிய இடம் பெறவில்லை.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆடுமிடத்தின் ஆரை 5 மீற்றர் என்று வைப்போம். 400 பேர் பாயில் உட்கார, ஆளுக்கு அரைச் சதுர மீற்றர், 200 சதுர மீற்றர் வேண்டும். அவர்களை வட்டம் முழுதும் சுற்றி உட்கார வைத்தால் கடைசி ஆள் மையத்திலிருந்து ஏறக்குறைய 9.4 மீற்றரில் இருப்பார். அதே 400 பேரை ஒரு பக்கத்தில், கால்வட்ட விசிறியாக உட்கார வைத்தால் கடைசி வரிசை 16.7 மீற்றருக்குப் போய்விடும். திறந்த வெளியில் இந்த வித்தியாசம் ஏறக்குறைய 5 டெசிபல். முன்னதில் கூத்தனின் கண் தெரியும், மூச்சு வாங்குவது தெரியும். பின்னதில் ஒலிவாங்கி கேட்பார்கள். ஒலிவாங்கி வந்ததும் கூத்தன் அதைவிட்டு நகரத் தயங்குவான், ஆட்டம் சுருங்கும். கோயில் திருவிழாக்களில் இந்தக் கேட்டை நாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் 2001இல் அந்தத் தகுதியைப் பெற்றது. நிலாவெளிப் பாதையில், கோணேசபுரியில், கடலுக்குப் பக்கத்தில். மொழியும் தொடர்பாடலும் கற்பிக்கிறார்கள்; சித்த மருத்துவம் கற்பிக்கிறார்கள். மூவினமும் அருகருகே வாழும் மாவட்டம், வளாகமும் அப்படித்தான். கிண்ணியாத் துறையில் மிதவைப் பாதைக்குக் காத்து நிற்கும் காலம் 2009இல் பாலத்தோடு போய்விட்டது. வெருகல், வாகரை வழியாக மட்டக்களப்பு அண்ணாவியார் ஒருவர் காலையில் புறப்பட்டு மாலைப் பழக்கத்துக்கு வந்து சேரலாம். அங்கே ஒரு களரி கட்டுவதற்குக் குளிரூட்டி வேண்டாம், கம்பளம் வேண்டாம், திரை வேண்டாம். மண் வேண்டும்.

காற்றை மட்டும் யோசிக்க வேண்டியிருக்கும். கூத்துப் பருவம் வேளாண்மை வெட்டி முடிந்த பிறகு வருவது. மழைக் காலத்து வாடை அப்போது ஓய்ந்திருக்கும். வைகாசிக்குப் பின் தென்மேற்கிலிருந்து கச்சான் எழும். அது தரையிலிருந்து கடலைப் பார்த்து வீசும், காற்று வரும் பக்கத்தில் இருப்பவர் காதில் பாட்டு விழாமல் அடிக்கும். ஒருமுக மேடையானால் ஆடுகிறவரை மேற்கிலும் சனத்தைக் கிழக்கிலும் வைத்துத் தப்பிக்கொள்ளலாம். வட்டத்துக்கு அந்த வசதி கிடையாது. ஆகவே தென்மேற்குப் பக்கம் ஆளுயரத்துக்கு மண் அணை போட்டு, அதன் மேல் மரம் வைத்து, உட்காரும் படிகளை அணையின் உட்சரிவிலேயே வெட்டிக்கொள்ள வேண்டும். மேற்குப் பக்கத்துப் படிகள் கொஞ்சம் உயரமாகவும் கிழக்குப் பக்கத்துப் படிகள் தாழ்வாகவும் இருக்கலாம். மத்தளக்காரர் நடுவிலேயே நிற்கட்டும்.